வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஸோரான் மம்தானி வென்றபோது, நம் பக்கத்துத் தோழர்கள் பலர் அதைத் தங்கள் வெற்றிபோலக் கொண்டாடினார்கள். குடியேறியவர்களின் பிள்ளை, இளைஞர், காஸா போரை வெளிப்படையாக எதிர்த்தவர், வாடகையையும் பேருந்துக் கட்டணத்தையும் பற்றிப் பேசியவர் என்று கொண்டாடக் காரணங்கள் நிறைய இருந்தன. ஆனால் அந்தக் கொண்டாட்டத்தில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. மம்தானி முதலில் தோற்கடித்தது எதிர்க்கட்சியை அல்ல. தன் கட்சியின் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோவை, அவருக்குப் பின்னால் நின்ற கட்சிப் பெரியவர்களை. தலைமை விரும்பாத ஒருவரைக் கட்சியின் சாதாரண வாக்காளர்கள் வேட்பாளர் ஆக்கினார்கள். பொதுத்தேர்தல் அதற்கு அப்புறம்தான் வந்தது.

நம்மிடம் இல்லாதது அந்த முதல் படி. சாதி ஒழிப்பு பேசும் நாம் இதைக் கட்சிகளின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரைமரி எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்று பார்க்க மம்தானியைவிடப் பொருத்தமான பழைய கதை ஒன்று உண்டு. கனெக்டிகட் மாநிலத்தின் செனட்டர் ஜோ லீபர்மேன். 2000 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர், கட்சியின் பெரிய முகங்களில் ஒருவர். 2003-இல் புஷ் தொடங்கிய இராக் போரை அவர் ஆதரித்தார். பேரழிவு ஆயுதங்கள் எதுவும் கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகும் ஆதரித்தார். 2006-இல் அவர் பதவிக்காலம் முடிந்தபோது, போரை எதிர்த்து நெட் லமாண்ட் என்பவர் கட்சிக்குள்ளேயே அவருக்கு எதிராக நின்றார். லமாண்ட் ஏழை வீட்டுப் பிள்ளை இல்லை. கேபிள் டிவி தொழிலில் பணம் சேர்த்தவர், பெரிய வங்கிக் குடும்பத்து வாரிசு. முற்போக்கு வேட்பாளருக்கும் சொந்தப் பணம் தேவைப்பட்ட இடம் அது. எட்டாம் தேதி ஆகஸ்ட் மாதம் ஓட்டு எண்ணியபோது லமாண்டுக்கு ஏறத்தாழ 52 சதவீதம், லீபர்மேனுக்கு 48.

கதை அங்கே முடியவில்லை. தோற்ற லீபர்மேன் தன் பெயரிலேயே ஒரு கட்சியைப் பதிவுசெய்து நவம்பர் பொதுத்தேர்தலில் நின்றார். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஆதரவாளர்களில் பெரும்பகுதி அவருக்கே ஓட்டுப் போட, ஜெயித்து மறுபடியும் செனட்டுக்குப் போனார். 2008-இல் எதிர்க்கட்சியின் அதிபர் வேட்பாளருக்காகப் பிரச்சாரம் செய்தார். 2009-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் இருந்த அரசுக் காப்பீட்டுத் திட்டத்தைத் தடுத்து நிறுத்தியவர்களில் முக்கியமானவர் அவர். ஆக, உட்கட்சித் தேர்தல் ஒரு மந்திரக்கோல் இல்லை. மேலே இருப்பவர்கள் வேறு கதவு வழியாகத் திரும்பி வருவார்கள். இருந்தாலும் ஒன்று நடந்தது. ஒரு போருக்கு ஓட்டுப் போட்ட மனிதர், அந்த ஓட்டுக்காகத் தன் கட்சியின் சொந்த வாக்காளர்களிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதைத் தமிழ்நாட்டில் வைத்துப் பாருங்கள். 2008 அக்டோபர் 14-ஆம் தேதி சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம். இலங்கையில் இரண்டு வாரத்துக்குள் போர்நிறுத்தம் வரவில்லை என்றால் தமிழ்நாட்டு எம்.பி.க்கள் எல்லோரும் பதவி விலகுவது என்று தீர்மானம். திமுக எம்.பி.க்கள் கையெழுத்திட்ட விலகல் கடிதங்கள் மக்களவைத் தலைவரிடம் போகவில்லை. கட்சித் தலைவரான முதல்வர் கருணாநிதியின் கைக்குப் போயின. அந்த மாதக் கடைசியில் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து பேசிவிட்டுப் போனார். கடிதங்கள் அதற்கு மேல் நகரவில்லை. 2009 மே 13-இல் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது. ஐந்தாறு நாளில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது.

போரை வெறுத்த ஒரு திமுக தொண்டர், ஒரு காங்கிரஸ் தொண்டர், அந்த மாதங்களில் என்ன செய்திருக்க முடியும்? தன் தொகுதி எம்.பி.யை எதிர்த்து, ‘நான் போருக்கு எதிரானவன், இந்தக் கட்சிக்காரன், எனக்கு வேட்பாளர் வாய்ப்பு தா’ என்று அதே கட்சித் தொண்டர்களிடம் கேட்கும் வழி இல்லை. தீக்குளிக்கலாம். முத்துக்குமார் 2009 ஜனவரியில் அதைத்தான் செய்தார். அல்லது எதிரணிக்கு ஓட்டுப் போடலாம். விருதுநகர் தொகுதியில் அந்த வழியும் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? போரை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பேசிய வைகோ அங்கே நின்றார். ஆனால் அவர் நின்ற அணியின் தலைமை அதிமுக. ஈழத்தைப் பற்றி ஜெயலலிதா அதற்கு முன் பேசியதையெல்லாம் மறந்துவிட்டு ஓட்டுப் போட வேண்டும். வைகோ காங்கிரஸின் மாணிக்கம் தாகூரிடம் தோற்றார்.

வைகோவின் வரலாறே இந்தக் கட்டுரைக்குச் சான்று. 1993-இல் அவர் திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் மீது சொல்லப்பட்டதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தலைமைக்குச் சவாலாக வளர்ந்த ஒருவருக்கும் தலைமைக்கும் இடையே தொண்டர்கள் ஓட்டுப் போட்டு முடிவு சொல்லவில்லை என்பது மட்டும் உண்மை. ஒரு அறிக்கையோடு முடிந்தது. அவர் வெளியே வந்து மதிமுக தொடங்கினார். 1998, 1999 இரண்டு தேர்தலிலும் நம் சிவகாசித் தொகுதிதான் அவரை மக்களவைக்கு அனுப்பியது. 1949-இல் அண்ணா, 1972-இல் எம்.ஜி.ஆர், 1993-இல் வைகோ. தமிழ்நாட்டில் உட்கட்சித் தேர்தலுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்தது கட்சி உடைவு. உடைந்து வந்த கட்சியும் பத்து ஆண்டில் பழைய கட்சி மாதிரியே ஒரு தலைவர், ஒரு வீடு, ஒரு அறிக்கை என்று ஆகிவிடுகிறது.

இதோடு 1985-இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாத எம்.பி. பதவியை இழக்கலாம். லீபர்மேன் போருக்குப் போட்ட ஓட்டு அவருடைய ஓட்டு. அதற்காக அவரைக் கேள்வி கேட்க முடிந்தது. நம் எம்.பி.யிடம் அப்படிக் கேட்டால், கட்சி முடிவு என்பார். அது பொய்யும் இல்லை.

ஆனால் இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுப் பழக்கம், நம் மண்ணுக்கு ஒட்டாது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு விருதுநகர் வரலாறு தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

1940. இரண்டாம் உலகப்போர் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரிசபைகள் முந்தைய ஆண்டே விலகிவிட்டன. சென்னை மாகாணக் காங்கிரஸில் ராஜாஜியின் கைதான் ஓங்கியிருந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல் வந்தபோது ராஜாஜி தரப்பின் வேட்பாளர் சி.பி. சுப்பையா. சத்தியமூர்த்தி தரப்பு நிறுத்தியது விருதுபட்டியில் பிறந்த, பள்ளிப்படிப்பை முடிக்காத, சாணார் என்று இழித்துப் பேசப்பட்ட சாதியில் பிறந்த ஒரு 36 வயதுக்காரரை. மூன்று ஓட்டு வித்தியாசத்தில் காமராசர் வென்றார்.

அந்தத் தேர்தல் போரைப் பற்றியது என்று சொல்ல மாட்டேன். அது இரண்டு கோஷ்டிகளின் சண்டை, சத்தியமூர்த்தியும் பார்ப்பனர்தான். ஆனால் யார் ஜெயித்தார்கள் என்பது சில மாதங்களில் போரைப் பற்றிய விஷயமாகவும் ஆனது. நிபந்தனைகளோடு பிரிட்டனின் போர் முயற்சிக்கு ஒத்துழைக்கலாம் என்பது ராஜாஜியின் பாதை. காமராசர் போர் நிதிக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று மாகாணம் முழுக்கப் பேசினார். தனிநபர் சத்தியாகிரகிகள் பட்டியலோடு காந்தியைப் பார்க்க வார்தாவுக்குப் போகும் வழியில், 1940 டிசம்பரில் குண்டூரில் கைது செய்யப்பட்டார். வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார்.

இங்கே ஒரு இடைநிறுத்தம். போர் எதிர்ப்பு என்றாலே நம் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஆண்டுகளில் பெரியார் பிரிட்டனின் போர் முயற்சியை ஆதரித்தார். அம்பேத்கர் 1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றார். ஹிட்லர் வென்றால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவர் யோசித்தார். பட்டாளத்தில் மகர்களுக்கு இடம் கேட்டார். ஆகவே ‘போர் எதிர்ப்பாளர்’ என்ற பட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கட்சிக்குள் ஒரு சூத்திரர் ஓட்டு எண்ணிக்கையில் மேலே வந்தார் என்பதும், மேலே இருந்தவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதும்தான்.

எடுத்துக்கொண்ட விதம் 1946-இல் தெரிந்தது. 1942-இல் காங்கிரஸை விட்டுப் போன ராஜாஜி திரும்பி வந்தபோது தமிழ்நாடு காங்கிரஸின் பெரும்பான்மை அவரை ஏற்க விரும்பவில்லை. சென்னைக்கு வந்து போன காந்தி ஹரிஜன் இதழில் ராஜாஜியைப் புகழ்ந்து எழுதினார். அவரை எதிர்ப்பவர்களைச் சிறு கும்பல் என்ற பொருள்படக் குறிப்பிட்டார். காமராசர் சட்டமன்றக் கட்சிக் குழுவிலிருந்து விலகினார். கமிட்டியில் ஓட்டெடுத்தால் ஜெயிக்கும் பெரும்பான்மைக்குக் ‘கும்பல்’ என்று பெயர். ஓட்டெடுத்தால் தோற்கும் ஒருவருக்கு ‘தலைவர்’ என்று பெயர். இந்த மொழியை நாம் இன்றும் கேட்கிறோம். ஒரு தலித் தன் கட்சிக்குள் ஆள் சேர்த்தால் ‘சாதி அரசியல் செய்கிறார்’ என்பார்கள். அதையே மற்றவர் செய்தால் ‘செல்வாக்கு உள்ளவர்’ என்பார்கள்.

1954 இன்னும் தெளிவானது. 1952-இல் ராஜாஜி முதல்வரானது மக்களிடம் ஓட்டுக் கேட்டு இல்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். 1953-இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் அதற்குப் பெயர் வைத்து வீதிக்கு வந்தார். வீதியில் நடந்ததை நாம் நிறைய எழுதியிருக்கிறோம், சரிதான். ஆனால் ராஜாஜியைக் கடைசியில் இறக்கியது அவருடைய கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள். உள்ளே எதிர்ப்பு முற்றி அவர் விலக, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவருடைய ஆளான சி. சுப்பிரமணியத்தைக் காமராசர் 93-க்கு 41 என்று வென்றார். அந்த வசந்தத்தில் பதவியேற்ற ஆட்சி குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டது. வீதி அழுத்தம் கொடுத்தது. உட்கட்சி ஓட்டு அதை முடிவாக மாற்றியது. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் நம் தாத்தா பாட்டி தலைமுறையில் பலர் மதியத்துக்கு மேல் பள்ளியில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 15 அன்று விருதுநகர் மாவட்டம் முழுக்க காமராசர் படத்துக்கு மாலை விழுகிறது. மதிய உணவு, பள்ளிக்கூடம், எளிமை, கூடவே சாதிச் சங்க பேனர். மூன்று ஓட்டில் ஜெயித்த அந்த 1940 தேர்தலை யாரும் சொல்வதில்லை. சொன்னால், இன்று எந்தக் கட்சியில் அப்படி ஒரு தேர்தல் நடக்கிறது என்ற கேள்வி வருமே!

காமராசரின் வெற்றிக்கும் ஒரு எல்லை உண்டு. 1899-இல் கோயில் நுழைவுத் தகராறில் சிவகாசி தாக்கப்பட்டுக் கொளுத்தப்பட்ட பிறகு, அரை நூற்றாண்டில் நாடார்கள் வணிகத்தாலும் சங்கங்களாலும் பள்ளிகளாலும் மேலே வந்தார்கள். காங்கிரஸ் கமிட்டியின் கதவு அவர்களுக்குத் திறந்தது. அதே கதவு பள்ளருக்கும் பறையருக்கும் சக்கிலியருக்கும் அப்படித் திறக்கவில்லை. காமராசர் 1954 மந்திரிசபையில் பி. பரமேஸ்வரனை அமைச்சராக்கினார், பின்னால் கக்கனையும் சேர்த்துக்கொண்டார். இவை முதல்வர் கொடுத்த இடங்கள். தலித்துகள் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த இடங்கள் அல்ல.

அப்படித் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு முறை இந்தியாவில் சட்டமாகவே இருந்தது. 1932 செப்டம்பர் 24-இன் பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதியைக் காந்தியின் உண்ணாவிரதத்தால் இழந்தோம் என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் பதிலாக அம்பேத்கர் வாங்கிய ஒரு பிரிவை நம்மில் பலர் படித்ததே இல்லை. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் அந்தத் தொகுதியின் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நான்கு பேருக்குள் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஒப்பந்தத்தின் ஆங்கில வாசகத்தில் அந்த முதல் சுற்றுக்கு இருக்கும் பெயர் பிரைமரி. எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி எல்லோரும் கையெழுத்திட்ட ஆவணத்தில் அந்தச் சொல் இருக்கிறது. பிரைமரியை நாம் அமெரிக்காவிலிருந்து கடன் வாங்க வேண்டியதே இல்லை.

அது சரியாக வேலை செய்ததா? இல்லை. நான்கு பேருக்கு மேல் போட்டியிட்டால்தான் முதல் சுற்று; பெரும்பாலான இடங்களில் அது நடக்கவே இல்லை. நடந்த இடங்களிலும், தலித் வாக்காளர்கள் முதல் சுற்றில் முன்னால் நிறுத்தியவரைச் சாதி இந்துக்களின் ஓட்டு இரண்டாம் சுற்றில் தோற்கடித்தது என்று 1946 தேர்தலுக்குப் பிறகு அம்பேத்கர் வாதிட்டார். தனி வாக்காளர் தொகுதியைத் திரும்பக் கேட்டார். முதல் சுற்றுக்கு ஒப்பந்தத்திலேயே பத்து ஆண்டு ஆயுள்தான் எழுதியிருந்தது. 1950 அரசியல் சட்டத்தில் தனித் தொகுதி மட்டும் மிஞ்சியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தலித் மக்கள் யாரை விரும்பினார்கள், மற்றவர்கள் யாரைத் திணித்தார்கள் என்ற வித்தியாசத்தை அம்பேத்கர் காட்ட முடிந்தது எதனால்? அந்த முதல் சுற்று ஓட்டு எண்ணிக்கை தாளில் இருந்ததால். இன்று அந்தத் தாள் இல்லை. தலித்துகள் யாரை விரும்பியிருப்பார்கள் என்று நிரூபிக்க நம்மிடம் எதுவும் இல்லை.

இன்றைய நிலையை எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதிகள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றுதான் தனித்தொகுதி. அங்கே எந்த தலித் நிற்பார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்கிறது, அதற்கு முன் மாவட்டச் செயலாளரின் வார்த்தை. அந்த மாவட்டச் செயலாளர் நாற்காலியில் எந்தக் கட்சியிலும் எந்தெந்தச் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். மற்ற ஆறு தொகுதிகளுக்கும் ஒரு தலித்தின் பெயர் பேச்சுக்குக்கூட வராது. ‘வெற்றி வாய்ப்பு’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தொகுதியில் எந்தச் சாதி எத்தனை, பணம் யாரிடம் என்ற கணக்கின் செல்லப்பெயர் அது. 2021 தேர்தலில் திமுக விருப்ப மனுவுக்கு வாங்கிய கட்டணம் 25,000 ரூபாய், பெண்களுக்கும் தனித்தொகுதிக்கும் 15,000. மற்ற பெரிய கட்சிகளும் இதே வழக்கம்தான். பணம் கட்டியவர்களுக்கு நேர்காணல் உண்டு. அதில் என்ன கேட்டார்கள், எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது.

நாரணாபுரத்தில் பிறந்தவன் என்பதால் இது எனக்கு வெறும் ஆய்வுப் பொருளாக இல்லை. எங்கள் ஊரிலும் பள்ளபட்டி, ஆனையூர் பக்கமும் பட்டாசு ஆலைக்குப் போகாத வீட்டை எண்ணிவிடலாம். தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளர்களும் ஒரே வாக்குறுதி தருவார்கள்: பட்டாசுத் தொழிலைக் காப்போம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டதிலிருந்து இந்த வாக்குறுதிக்கு மவுசு கூடிவிட்டது. தடையால் வேலையிழந்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அதை எதிர்த்து வாதாட ஆள் வேண்டும்தான். ஆனால் தொழிலைக் காப்பது என்றால் முதலாளியின் உரிமத்தைக் காப்பதா, மருந்து அறையில் உட்கார்ந்திருப்பவரின் உயிரைக் காப்பதா என்று எந்த வேட்பாளரும் பிரித்துச் சொன்னதில்லை.

2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேல். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆண்டும். ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறு பலரிடம், ஒரு அறையில் இருக்க வேண்டிய ஆளைவிடக் கூடுதல் ஆள், மரத்தடியிலும் மணிமருந்து வேலை. குத்தகைக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க அவசரப்படுவார். அந்த அவசரம் கலவை அறையில் வெடிக்கிறது. செத்தவர்களின் பட்டியலைப் படித்தால் அதில் காலனிப் பெயர்கள் எத்தனை என்று தெரியும். பிறகு அமைச்சர் வருவார், நிவாரணத் தொகை அறிவிப்பார், போர்மேனைக் கைது செய்வார்கள்.

சிவகாசியில் ஏதாவது ஒரு கட்சி தன் உறுப்பினர்களிடம் வேட்பாளர் ஓட்டெடுப்பு நடத்தினால் இது ஒரே நாளில் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்சியில் எம்.எல்.ஏ. ஆக ஆசைப்படுகிற மூன்று பேர் கட்சி அட்டை வைத்திருக்கும் ஆலைத் தொழிலாளிகளிடம் வந்து நின்றே ஆக வேண்டும். எதிர்க்கட்சியைத் திட்டி அந்த மேடையில் தப்பிக்க முடியாது, எல்லோரும் ஒரே கட்சி. உள்குத்தகையை நீ ஒழிப்பாயா, உன் தேர்தல் செலவுக்குக் குத்தகைக்காரர் பணம் தந்தாரா என்று கேட்டால் ஒருவர் ஒரு பதிலும் இன்னொருவர் வேறு பதிலும் சொல்லியாக வேண்டும். லீபர்மேனிடம் போரைப் பற்றி அவர் கட்சிக்காரர்கள் கேட்டது மாதிரி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நம் தோழர்களே சொல்வார்கள்: கட்சி உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விட்டால் பெரிய சாதி ஜெயிக்கும், அதைவிடத் தலைவர் கையில் இருப்பதே மேல். இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001 திருச்சி மக்களவை இடைத்தேர்தலில், பொதுத்தொகுதியில், ஜெயலலிதா தலித் எழில்மலையை நிறுத்தி வெல்லவைத்தார். தொண்டர்களிடம் ஓட்டெடுத்திருந்தால் அவர் பெயர் வந்திருக்குமா என்பது சந்தேகம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாறு இன்னும் கொடியது. அங்கே ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் ஜெயிக்கும் என்பதால் பிரைமரிதான் உண்மையான தேர்தல். டெக்சஸ் போன்ற இடங்களில் அந்தப் பிரைமரியில் கறுப்பர்கள் ஓட்டுப் போடவே கூடாது என்று கட்சி விதி இருந்தது. கட்சி ஒரு தனியார் அமைப்பு, அதன் உள்விவகாரம் என்று வாதம் வேறு. ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் வழக்குப் போட்டு, 1944-இல்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

ஆனால் லோனி ஸ்மித்தும் அவருக்குப் பின்னால் நின்ற இயக்கமும் பிரைமரியை ஒழித்துவிட்டுத் தலைவர்களே முடிவு செய்யட்டும் என்று கேட்கவில்லை. எங்களையும் உள்ளே விடு என்று கேட்டார்கள். திருச்சியில் நடந்தது ஒரு தலைவரின் ஒரு நாள் முடிவு. அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளில் பெரிய கட்சிகள் பொதுத்தொகுதிகளில் நிறுத்திய தலித்துகளை விரல்விட்டு எண்ணலாம். கொடுத்த கையே திரும்ப எடுத்துக்கொண்டது, யாரும் ஏன் என்று கேட்க முடியவில்லை.

காங்கிரஸ் 2014-இல் சில தொகுதிகளில் இதை முயன்றது. வடோதராவில் தொண்டர்கள் ஓட்டில் ஜெயித்தவர் நரேந்திர ராவத். மோடி அங்கே நிற்கிறார் என்றதும் அவர் விலகிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளரானார். பரிசோதனை அத்தோடு மறக்கப்பட்டது. உட்கட்சித் தேர்தல் நடத்துகிறோம் என்று எல்லாக் கட்சிகளும் தேர்தல் ஆணையத்திடம் தாள் கொடுக்கின்றன. பொதுக்குழு கூடுகிறது, தலைவர் போட்டியின்றித் தேர்வு, கைதட்டல்.

எனவே சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம்மிடம் ஆதரவு கேட்டு வரும் கட்சிகளிடம், குறிப்பாக அம்பேத்கர், பெரியார் படத்தை மேடையில் வைக்கும் கட்சிகளிடம், பூனா ஒப்பந்தத்தின் இரண்டு சுற்றை உங்கள் கட்சிக்குள் நடத்துங்கள் என்று கேட்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் கட்சியின் தலித் உறுப்பினர்கள் முதல் சுற்றில் நான்கு பேரைச் சொல்லட்டும். இரண்டாம் சுற்றில் எல்லா உறுப்பினர்களும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். இரண்டு சுற்றின் ஓட்டு எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். மற்ற ஆறு தொகுதிகளில் இரண்டிலாவது இதே முறையில் ஒரு தலித்தை, ஒரு பெண்ணை இறுதிப் பட்டியலுக்குள் கொண்டுவாருங்கள். விருப்ப மனுக் கட்டணத்தை தினக்கூலிக்காரர்களுக்கு எடுத்துவிடுங்கள். ஓட்டுப்பெட்டியை மாவட்டச் செயலாளரின் அலுவலகத்தில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆலை விடுமுறையில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். ஊர்த்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று இரண்டு பெட்டி வேண்டாம், எல்லோருக்கும் ஒரே வரிசை. உறுப்பினர் பட்டியலை ஆறு மாதம் முன்பே ஒட்டுங்கள், கடைசி வாரத்தில் லாரியில் ஏற்றிவந்த அட்டைகள் செல்லாது என்று எழுதுங்கள்.

உங்கள் பகுதியில் எந்தக் கட்சியிலாவது உறுப்பினராக இருக்கிறீர்களா? அடுத்த கிளைக் கூட்டத்தில் இதில் ஏதாவது ஒன்றைத் தீர்மானமாக எழுதிக் கொடுத்துப் பாருங்கள். யார் முதலில் எழுந்து ‘இப்போது இது தேவையா’ என்று கேட்கிறார், அவர் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.